கிணறு எந்தப் பக்கம்?

1991இல் லாச்சப்பலுக்குப் பக்கத்தில் நாங்கள் எட்டுப்பேர் இருந்த அறையில் ஒரு கேம்பாய் கிடந்தது. எங்களுக்கு முன்னர் அங்கே இருந்த யாரோ விட்டுவிட்டுப் போனது. அதற்குள் டெட்ரிஸ் மட்டும்தான். வேலை கிடைக்காதவன் பகலில் விளையாடுவான், கோப்பை கழுவிவிட்டு வருகிறவன் நடுச்சாமத்தில் விளையாடுவான். நாலு பற்றறி வாங்கக் காசு சேர்ப்போம். அந்த நாட்களில் எங்களிடம் பிரெஞ்சும் கேட்காத, விசாவும் கேட்காத ஒரே பொருள் அதுதான். விழுகிற கட்டையைத் திருப்பி அடுக்கினால் போதும்.

முப்பது வருடங்களுக்குப் பிறகு என் மகள் அதே இயந்திரத்துக்கு விளையாட்டுச் செய்கிறாள் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கேம்பாய் 1989இல் ஜப்பானிலும் அடுத்த வருடம் ஐரோப்பாவிலும் விற்பனைக்கு வந்தது. உற்பத்தி நின்றே இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஆனால் உலகம் முழுக்க ஆட்கள் வேலை, படிப்பு முடிந்த நேரங்களில் இன்னமும் அதற்குப் புதிய விளையாட்டுகளைச் செய்கிறார்கள். கிறிஸ் மோல்ட்பி என்பவர் 2019இல் ஜிபி ஸ்டூடியோ என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்ட பிறகு, நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் அது கைகூடியது. செய்து முடித்ததை இட்ச் தளத்தில் போட்டுவிடுவார்கள். வேண்டியவர் எடுத்துக் கணினியிலோ, பழைய கேம்பாயிலேயோ விளையாடலாம். பெரும்பாலும் காசு இல்லை.

“இவ்வளவு பெரிய கொம்பியூட்டர் இருக்க, ஏன் பிள்ளை இந்தச் சின்னத் திரை?” என்று கேட்டேன்.

“பெரிய விளையாட்டுக்கு நூறுபேர் வேணும் அப்பா. இதை நான் தனியச் செய்து முடிக்கலாம்.”

அந்தத் திரை குறுக்காக 160 புள்ளி, நெடுக்காக 144 புள்ளி. நிறம் என்று சொல்ல நாலு சாயல்கள். படம் எல்லாம் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களால் ஆனது. ஒரு காட்சியின் பின்னணிக்கு வெவ்வேறான கட்டங்கள் 192தான் அனுமதி. ஒரு பனையை வரைந்துவிட்டால் அதே கட்டங்களால் நூறு பனை வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு புதுப் பொருளும் அந்தக் கணக்கில் கழியும்.

அவளுக்கு இந்த எண்ணம் வந்தது ‘வெண்பா’ விளையாடிய பிறகு. ரொறன்ரோவில் அபி என்ற தமிழ் இளைஞர் தன் விசை கேம்ஸ் குழுவோடு செய்து 2023இல் வெளியிட்டது. 1988இல் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயின் சமையல் குறிப்புப் புத்தகத்தில் அழிந்துபோன இடங்களை விளையாடுபவர் ஊகித்து இட்டலியும் புட்டும் சமைக்கவேண்டும். அடுத்த வருடம் அதற்கு பாஃப்டாவின் அறிமுக விளையாட்டுக்கான விருது கிடைத்தது. மகள் அதை ஒரே இருப்பில் முடித்துவிட்டு வந்து கேட்டாள்: “அப்பா, அப்பம்மாவின்ரை வீடு எப்பிடி இருந்தது?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுவதில் எனக்கு நல்ல பழக்கம். முற்றம், கதியால் வேலி, குசினிப் புகை, துலாக்கிணறு, மாரிகாலத் தவளைச் சத்தம் என்று அரைமணித்தியாலம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கட்டம் போட்ட தாள் ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

“சரி. கிணறு எந்தப் பக்கம்?”

எனக்குத் தெரியவில்லை. கிணற்றடியின் பாசி தெரிந்தது, வாளியின் நெளிவு தெரிந்தது. வீட்டுக்கு இடமா வலமா என்றால் ஒன்றுமில்லை. இத்தனை வருடமாக வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த எனக்கு வீடு எப்படி இருந்தது என்று தெரியாது. ஏக்கப்படுகிறவனிடம் யாரும் அளவு கேட்பதில்லை. அவளுக்கோ கிணற்றை ஒரு கட்டத்தில் வைத்தே ஆகவேண்டும்.

வலிகாமம் வடக்கில் இருந்த அந்த வீட்டைவிட்டு நாங்கள் 1990 ஆனியில் வெளிக்கிட்டோம். பிறகு அது உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. இப்போது அங்கே சுவரும் இல்லை, கிணறும் இல்லை. படம் ஒன்றும் எங்களிடம் இல்லை. அம்மாவும் இல்லை. இருந்தது ஸ்காபரோவில் அண்ணையும் லண்டனில் அக்காவும்தான்.

“வீட்டுக்கு இடப்பக்கம். இதிலை என்ன சந்தேகம்?” என்றார் அண்ணை.

“வலப்பக்கம். அண்ணைக்கு எல்லாம் மறந்துபோச்சு” என்றா அக்கா.

மூன்று கிழமை இது நடந்தது. நடுவில் பழைய காணிக்கதை ஒன்றும் கிளம்பி, இரண்டு பேரும் ஒருநாள் பேசாமலும் இருந்தார்கள். மகள் மட்டும் பொறுமையாக ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாமான் தேய்க்கும்போது காலமை வெயில் முகத்தில் அடிக்கும் என்று அக்கா சொன்னா. பின்னேரம் குளிக்கும்போது கிணற்றடி முழுக்க வீட்டு நிழல்தான் என்று அண்ணை சொன்னார். மகள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்பா, ரெண்டுபேரும் ஒரு இடத்தைத்தான் சொல்லினம். காலமை வெயில் வந்து, பின்னேரம் வீட்டு நிழல் விழுந்தால் அது வீட்டுக்குக் கிழக்கை. படலை தெற்கை எண்டு நீங்கள் சொன்னீங்கள். பெரியப்பா விறாந்தையிலை இருந்து றோட்டைப் பார்த்துச் சொல்லுறார், அவருக்கு இடப்பக்கம். மாமி பள்ளிக்கூடத்தாலை வந்து படலையைத் திறந்துகொண்டு சொல்லுறா, அவவுக்கு வலப்பக்கம்.”

அண்ணைக்கு அதைச் சொன்னபோது தொலைபேசியில் கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு, “ஓம், அவள் எப்பவும் படலைக்காலைதான் ஓடிவருவாள்” என்றார்.

அடுத்த சிக்கல் எழுத்து. கிணற்றடிக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினால் ‘கிணறு’ என்று தமிழில் வரவேண்டும் என்பது அவள் ஆசை. மென்பொருளில் ஓர் எழுத்துருவுக்கு ஒதுக்கிய படத்தில் 224 கட்டங்கள். தமிழில் 247 எழுத்துகள். இது பழைய தலையிடிதான் என்று அவளுக்குச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறி செய்யும்போது பட்ட பாடும் இதுதான். அத்தனை எழுத்துக்கும் விசை வைக்க இடமில்லை. அவர் குறிகளைப் பிரித்தெடுத்து, அடித்தாலும் தாள் நகராத விசையில் புள்ளியையும் விசிறியையும் வைத்தார். குறி முதலில் விழும், எழுத்து அதன்கீழே வந்து சேரும். 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தமும் ணா, லை போன்றவற்றின் பழைய வடிவங்களை நீக்கி அச்சுக்காரரின் சுமையைக் குறைத்தது.

எண்ணிக்கையை அப்படிச் சமாளிக்கலாம். ஆனால் எட்டுப் புள்ளி அகலத்தில் ‘ண’ வரவில்லை. மூன்று சுழி வைக்க இடம் காணாமல் அது ‘ன’ ஆகிவிட்டது.

“ஒரு சுழி குறைஞ்சால் பரவாயில்லையா?” என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள்.

“அது வேறை எழுத்து, பிள்ளை.”

ஒரு சனிக்கிழமை இருவரும் லாச்சப்பலுக்குப் போனோம். ஃபோபூர் சென் தெனி வீதியில் நான் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பினால் ஆளைக் காணவில்லை. ஒரு நகைக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, அதற்குள் ஓடிக்கொண்டிருந்த சிவப்பு மின்னெழுத்துகளைக் கைபேசியில் படம்பிடித்துக்கொண்டிருந்தாள். ‘திருமண நகைகள்’ என்று ஓடியது. அதுவும் புள்ளிகளால் ஆன எழுத்துத்தானே. கடைக்காரர் வெளியே வந்து, “என்ன தங்கச்சி, கலியாணமோ?” என்றார். “இல்லை அங்கிள், உங்கடை ‘ண’ வேணும்” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். விளங்கப்படுத்தியதும் உள்ளே போய் ஓட்டத்தை நிறுத்திவைத்தார். இரண்டு பேருமாகப் புள்ளி எண்ணினார்கள். முப்பது வருடங்களாக அந்த வீதியால் போய்வருகிறேன். ஒரு எழுத்தை அங்கே நின்று பார்த்ததில்லை. கடைசியில் அவள் ‘ண’வுக்கு இரண்டு கட்டங்களைக் கொடுத்தாள்.

விளையாட்டு மிகச் சின்னது. ஒரு பெண் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குசினிக்கும் மாட்டுக்கும் வாழைக்கும் கொண்டுபோகவேண்டும், பொழுதுபடுவதற்குள். எப்படி முடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. “வெளிக்கிடேக்கை அப்பம்மா கடைசியாய் என்ன செய்தவ?” என்று கேட்டாள். இதற்கு நான் யோசிக்கவேண்டி இருக்கவில்லை. அம்மா துலாக்கயிற்றையும் வாளியையும் அவிழ்த்து வீட்டுக்குள் வைத்தா. மழையில் நனைந்தால் கயிறு உக்கிவிடும், நாங்கள் நாலைந்து நாளில் வந்துவிடுவோம் என்றா. விளையாட்டும் அப்படித்தான் முடிகிறது. கயிறை உள்ளே வைத்துவிட்டுப் படலையைச் சாத்த வேண்டும், திரை இருளும்.

இட்ச் தளத்தில் போட்ட அன்றிரவே அண்ணை எடுத்தார். “எல்லாம் சரி. படலையடி எலுமிச்சையை ஏன் விட்டனீங்கள்?”

மகள் கணக்கைப் பார்த்தாள். எலுமிச்சைக்கு நாலு கட்டம் வேண்டும், ஒன்றும் மிச்சமில்லை. ஏதாவதொன்றை எடுத்தால்தான் முடியும். துலாவையா? மாட்டையா? விறாந்தைச் சுவரோடு சாத்தியிருந்த என் சைக்கிளுக்கு நாலு கட்டம் போயிருந்தது. அதை எடுக்கச் சொன்னேன். “உண்மையாவோ அப்பா?” என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தாள். எலுமிச்சை வந்தது. அண்ணைக்குச் சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு லண்டனில் இருந்து அக்கா எடுத்தா.

“எலுமிச்சை நல்லாயிருக்கு. தம்பி, உன்ரை சைக்கிள் எங்கை?”