"எங்க ஓட்டுவீங்க தம்பி?"

சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்துகிறவரிடம் அந்த மெக்கானிக் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்தான். "எடை எவ்வளவு தம்பி? எங்க ஓட்டுவீங்க?" என்ன கம்பெனி, என்ன விலை என்பதெல்லாம் பிறகு. கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோட்டை ஒட்டிய சின்னக் கடை அது. வாசலில் பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, தொங்கும் பழைய டயர்கள், காற்றடிக்கும் கம்ப்ரஸர். உள்ளே போனால் சுவரில் வேறொரு தொழில் மாட்டியிருக்கிறது: டயல் வைத்த ஷாக் பம்ப், ரப்பர் சுத்தியல், ஸ்டீல் ஸ்கேல், ஆயில் அளந்து விட ஊசி இல்லாத சிரிஞ்சு.

இரண்டாவது கேள்விக்குத் தாம்பரத்தில் ஒரே பதில் கிடையாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் வேலைக்குப் போகிறவர் ஓட்டும் பாதை வேறு. விடிகாலையில் செம்பாக்கம், மாடம்பாக்கம், அகரம்தென் பக்கம் ஏரிக்கரை ஏறுகிறவரின் பாதை வேறு. மழைக்காலத்தில் மாடு நடந்து, வெயிலில் அப்படியே இறுகிப்போன குளம்புத் தடங்கள் கரை முழுக்க வரிசையாக இருக்கும். நல்லம்பாக்கம் பக்கம் லாரிகள் சிந்திய ஜல்லி உருளும். இந்த வட்டாரத்துக் கல் லேசுப்பட்டதல்ல. பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் கிடைக்கும் இந்தக் கடும்பாறைக்குத்தான் சார்னோகைட் என்று பெயர் வைத்தார் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட். பல்லாவரத்துச் செம்மண் சரளையிலிருந்துதான் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அந்தச் சரளையும், உடைத்த ஜல்லியின் கூர்முனையும் இன்றைக்கு சைக்கிள் டயருக்குக் கீழே வந்து நிற்கின்றன.

நான் போயிருந்த காலையில், புது சைக்கிளோடு ஓர் இளைஞர் வந்திருந்தார். முன் ஃபோர்க்கில் 120 மில்லிமீட்டர் ஓட்டம், அதாவது அது அமுங்கக்கூடிய தூரம்; காற்றில் இயங்கும் வகை. "கையெல்லாம் மரத்துப் போவுதுண்ணா, ஷாக்கர் வேலையே செய்யல" என்பது அவர் புகார். மெக்கானிக் ஸ்பேனரைத் தொடவில்லை. "ஹெல்மெட் போடுங்க. பேக்கை மாட்டுங்க. தண்ணி பாட்டில் ரொப்பியாச்சா?" என்றார். ஓட்டும்போது சைக்கிள் மேல் என்னென்ன பாரம் இருக்குமோ, அளக்கும்போதும் அத்தனையும் இருக்க வேண்டும்.

ஃபோர்க்கை அமுங்காமல் பூட்டும் லாக்அவுட்டைத் திறந்து, நாலைந்து முறை ஃபோர்க்கை அழுத்தி விட்டார். பளபளக்கும் உள்குழாயில் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று உண்டு. அதை விரலால் கீழே தள்ளி சீலோடு ஒட்டி வைத்தார். "சுவரைப் புடிச்சுக்கிட்டு மெதுவா ஏறி நில்லுங்க. குதிக்காதீங்க. இப்ப மெதுவா எறங்குங்க." இறங்கியதும் ஸ்கேலை வைத்தார். ரப்பர் வளையம் 13 மில்லிமீட்டர்தான் ஏறியிருந்தது. ஆள் ஏறியதுமே ஃபோர்க் கொஞ்சம் தாழ வேண்டும். அந்தத் தாழ்வைத்தான் இவர்கள் சேக் என்கிறார்கள். சாதாரண மண்பாதை ஓட்டத்துக்கு முன் ஃபோர்க்கில் மொத்த ஓட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கு அளவில் தாழ்வு இருந்தால் சரி. 120-க்கு 24 மில்லிமீட்டர். தாழ்வே இல்லையென்றால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தொடாது, மேலேயே தாவிப் போகும். கை மரத்துப் போனதற்குக் காரணம் அதுதான். பழுது ஒன்றுமில்லை, காற்று அதிகம்.

பம்பை மாட்டி, பொத்தானைத் தொட்டுத் தொட்டுக் காற்றை இறக்கினார். ஒவ்வொரு தடவையும் ஐந்து பிஎஸ்ஐ, மறுபடி அழுத்தல், மறுபடி ஏறச் சொல்லல். பம்பைக் கழற்றும்போது 'புஸ்' என்றது. இளைஞர் பதறினார். "அது ஹோஸ்ல இருந்த காத்து தம்பி. ஃபோர்க்ல இருந்து போகல." இன்னொன்றையும் சொன்னார்: சந்தேகப்பட்டு மறுபடி பம்பை மாட்டிப் பார்த்தால் டயல் குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் ஃபோர்க்கின் காற்றில் கொஞ்சம் ஹோஸை நிரப்பப் போய்விடும். இது தெரியாமல் வீட்டில் தினமும் பம்பை மாட்டிப் பார்த்துக் காற்றை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் உண்டு.

காற்றழுத்தம் சரியான பிறகுதான் சிவப்புத் திருகு. ஃபோர்க்கின் கீழே ஒரு காலில் இருக்கும் இது, அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு வேகத்தில் மீண்டெழ வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. இங்கேதான் 'எங்க ஓட்டுவீங்க' என்ற கேள்விக்கு வேலை வருகிறது. தெருவில் ஒரு வேகத்தடை, அரை கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று என்றால் ஃபோர்க் நிதானமாக எழலாம். ஏரிக்கரைக் குளம்புத் தடம் அப்படியல்ல. ஒரு குழியிலிருந்து ஃபோர்க் எழுவதற்குள் அடுத்த குழி வந்துவிடும். மெதுவாக எழும் ஃபோர்க் அடிக்கு அடி இன்னும் தாழ்ந்து, கடைசியில் கட்டையாகிவிடும். எழும் வேகம் கூடினாலோ, சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். மெக்கானிக் திருகை முழுக்க மூடி, அங்கிருந்து ஒவ்வொரு 'டிக்'காக எண்ணித் திறந்தார். எதிர்ப்புறப் பிளாட்பாரத்திலிருந்து இளைஞரை உட்கார்ந்தபடியே சைக்கிளை இறக்கச் சொல்லி, சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை அசைந்து அடங்கியதும் தலையாட்டினார். எத்தனை பிஎஸ்ஐ, எத்தனை டிக் என்பதைச் சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஃபிரேமின் அடியில் ஒட்டினார். டயரிலும் கொஞ்சம் காற்றைக் குறைத்தார். உருளும் ஜல்லியில் முதல் சஸ்பென்ஷன் டயர்தான்.

இந்த வகை ஃபோர்க் மலை சைக்கிளில் பரவியதிலும் ஒரு மெக்கானிக்கின் கை உண்டு. மோட்டார் சைக்கிள் பந்தய அணியில் மெக்கானிக்காக இருந்த பால் டர்னர் 1989-இல் அமெரிக்காவில் ராக்ஷாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே கொலராடோவின் டுராங்கோவில் நடந்த முதல் உலக மலை சைக்கிள் சாம்பியன்ஷிப்பில், கிரெக் ஹெர்போல்ட் அந்த ஃபோர்க்கோடு மலைச்சரிவில் இறங்கும் போட்டியை வென்றார்.

தாம்பரம் கடைகளுக்கு வரும் சைக்கிள்களில் பெரும்பாலானவை அந்த ரகமல்ல. வெறும் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க்குகள், பள்ளிப் பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கும் டபுள் ஷாக்கர்கள். பல மலிவான பின் ஷாக்கர்களில் ஸ்பிரிங்கை அடக்க ஆயிலே கிடையாது. வேகத்தடை தாண்டினால் நாலு தடவை ஆடும், மிதிக்கிற பலத்தில் ஒரு பகுதி ஆட்டத்திலேயே போகும். ஸ்பிரிங் ஃபோர்க்கின் மேலே இருக்கும் திருகை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகாது, ஆரம்பத் தாழ்வு மட்டும் குறையும். தொண்ணூறு கிலோ ஆளுக்குக் கனமான ஸ்பிரிங் வேண்டும், அது இந்த ரகத்துக்குக் கடையில் கிடைப்பதில்லை. "இதுக்குச் செலவு பண்ணாதீங்க சார், ஷாக்கர் இல்லாத ஃபோர்க் போட்டுக்கலாம்" என்று ஒருவரிடம் நேரே சொன்னார். வியாபாரத்தை விட்டுக்கொடுத்துச் சொன்ன அந்தச் சொல்லை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மழை முடிந்த மாதங்கள்தான் இவர்களுக்கு வேலை குவியும் காலம். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் தேங்குவது ஊரறிந்தது; 2015 டிசம்பரில் அந்தப் பகுதிகளே மூழ்கின. முழங்கால் தண்ணீரில் தள்ளி வந்த சைக்கிளின் ஃபோர்க்கைப் பிரித்துக் காட்டினார். அடி போல்ட்டைத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு. வெளிக்குழாய் கழன்றதும் ஆயிலுக்குப் பதில் காபி நிறத்தில் தண்ணீர் ஒழுகியது. சீலுக்கு அடியில் ஆயிலில் ஊறியிருக்க வேண்டிய நுரை வளையம் மண்ணாகி இருந்தது. பழைய பழக்கத்தில் மண்ணெண்ணெயில் கழுவினால் ரப்பர் சீல் கெடும். ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, வளையத்தை மாற்றி, சிரிஞ்சில் அளந்து சில மில்லி ஆயில் விட்டு மூடினார்.

இவ்வளவையும் பார்த்த பிறகு மனதில் தைத்தது பில் எழுதும் நேரம். பார்ட்ஸ் மாற்றினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. அளந்து, கேட்டு, எண்ணித் திருகியதற்கு லேபர் என்று போட்டால், "காத்துதானே எறக்குனீங்க" என்கிறார்கள். காற்றை இறக்க யாராலும் முடியும். எவ்வளவு இறக்கினால் போதும் என்று தெரிந்திருப்பதற்குத்தான் அந்தக் கூலி. கற்றுக்கொள்ள இங்கே பள்ளிக்கூடம் இல்லை. மாமாவிடம் சக்கரக் கோட்டம் எடுக்கப் பழகிய இவர், ஷாக்கர் வேலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே கற்றிருக்கிறார்.

ஷாக்கர் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓட்டும்போது போடும் பையும் ஹெல்மெட்டுமாகக் கடைக்குப் போங்கள், எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆயில் உள்ள ஃபோர்க் என்றால், ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஃபோர்க்கின் அடி ஆயிலை மாற்றச் சொல்லுங்கள். அக்டோபர் மழைக்கு முன் ஒருமுறை கட்டாயம். லேபருக்குப் பேரம் பேசாதீர்கள்.