ஐயாவுக்கொரு கடதாசி மேசை

கடதாசி விளையாட்டு என்றதும் முகஞ் சுளிக்கும் வாசகர் சிலர் இருத்தல் கூடும். அவர்களோடு வாதிட நான் வரவில்லை. பணம் வைத்தாடுவது வேறு. மாலை வேளையில் முதியவர் நால்வர் விறாந்தையிற் பாய் விரித்து ‘முந்நூற்று நான்கு’ ஆடுவது வேறு. ஒல்லாந்தர் 1796 இல் இத்தீவை விட்டகன்றும், கலாவரை, ஸ்கோப்பன் என்னும் அவர்தம் சொற்கள் எங்கள் விறாந்தைகளை விட்டு அகலவில்லை.

எங்கள் வீட்டில் அவ்வாட்டம் முப்பது வருடம் நடைபெற்றது. சென்ற ஆண்டு ஐயாவைப் பாரிசவாதம் பீடித்தது. உயிர் தப்பிற்று, பேச்சும் மெல்ல மீண்டது, இடக்கை மட்டும் மீளவில்லை. பாயிற் சம்மணமிட்டு இருக்கவும் இயலாது போயிற்று. கூட்டாளிகள் மூவரும் சில நாள் வந்து சுகம் விசாரித்தனர். பின்னர், தம்மைக் கண்டால் அவர் மனம் நோகுமென்று எண்ணினரோ என்னவோ, வருகையைக் குறைத்துக் கொண்டனர். ஐயா படலையைப் பார்த்தபடியே பொழுதைக் கழித்தார்.

மேசையொன்று செய்வதென முடிவு செய்தேன். நான் தச்சனல்லன், கந்தோரிற் பேனை பிடிப்பவன். கோடியிற் கிடந்த பழைய பலாக் கதவொன்றை அறுத்து, 33 அங்குலச் சதுரமாக்கி, 28 அங்குல உயரத்திற் கால்கள் பொருத்தினேன். மேலே பழைய கம்பளியை இழுத்து ஒட்டினேன். வழுவழுப்பான பலகையிலிருந்து ஒற்றைக் கையாற் கடதாசியைக் கிள்ளியெடுத்தல் அரிது. கம்பளியில் விரல் நுனி பட்டாலே அது எழும்பும்.

ஆயினும், பிடிப்பது எப்படி? இவ்வாட்டத்தில் முதலில் நான்கு கடதாசி பகிர்வர். கேள்வி முடிந்து துரும்பைக் கவிழ்த்து வைத்த பின் மேலும் நான்கு. எட்டையும் ஒரு கையில் விசிறியாகப் பிடித்தால், இறக்குவதற்கு மறுகை வேண்டுமே! எனவே, ஐயாவின் பக்கத்தில் இரு சலாகைகளை நெருக்கி அறைந்து, கடதாசிகளை நிறுத்தத் தவாளிப்பொன்று அமைத்தேன். ஒரு கடதாசியின் அகலம் இரண்டரை அங்குலம். மற்ற ஏழும் ஒவ்வோர் அங்குலம் வெளியே தெரிந்தாற் போதும். பத்தங்குல நீளம் தாராளம். முதன்முறை இடைவெளி கூடிவிட்டது. கடதாசிகள் எல்லாம் முகங்காட்டி மல்லாந்தன. சலாகைகளைக் கழற்றிச் சரிவாகச் சீவி மீண்டும் அறைந்தேன். நின்றன.

பெருமையோடு ஐயாவை அழைத்து வந்தேன். தவாளிப்பை விரலாற் தடவினார். மற்ற மூன்று பக்கங்களையும் பார்த்தார்.

“உது நொண்டிக்கு வைச்ச அடையாளமோ, தம்பி?”

அவ்வளவே. திரும்பிச் சென்று படுத்துவிட்டார். நான் அன்றிரவு உண்ணவில்லை. மறுநாள் தொடங்கி மூன்று மாலைகள் உழைத்து, ஏனைய பக்கங்களிலும் அதேபோல் தவாளிப்பு அமைத்தேன். பின் கூட்டாளிகள் மூவர் வீட்டுக்கும் நானே சென்று அழைத்தேன்.

ஐயாவுக்கு எதிரே அமர்ந்தவர், ஒருவரும் சொல்லாமலே தம் கடதாசிகளைத் தவாளிப்பில் நிறுத்தி, “இதல்லோ வசதி! கை உளையாது” என்றார். மற்றிருவரும் அவ்வாறே செய்தனர். ஐயா ஒன்றும் பேசவில்லை. நூற்றெண்பது கேட்டுத் துரும்பைக் கவிழ்த்தார். மூன்றாம் பிடியில் எதிரே இருந்தவர் எதையோ மாறி இறக்கிவிட்டார்.

“முப்பது வருஷமாகியும் உமக்கு விளையாடத் தெரியாது காணும்!”

நோயுற்ற பின் அவர் குரல் அவ்வளவு உரத்து ஒலித்ததில்லை. அடுக்களையிலிருந்து அம்மா தேநீரோடு விரைந்து வந்தாள். வந்தவள், நாற்புறமும் தவாளிப்பு அடைத்த அம்மேசையிற் கோப்பைகளை எங்கே வைப்பதென்று என்னைப் பார்த்து நின்றாள்.