குமரி முனைக்கு ஒரு யாத்திரை

எங்கள் அண்ணனூர் ரயில் நிலையத்தில் கால்மணி நேரம் நின்றால் அரக்கோணத்துக்கும் திருத்தணிக்கும் போகும் மின்சார வண்டிகள் ஒன்றிரண்டாவது கண்ணில் பட்டுவிடும். தமிழகத்தின் வட எல்லை வேங்கடம், தென் எல்லை குமரி என்று தொல்காப்பியப் பாயிரம் கூறுவதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம், "வேங்கடம் நமக்குத் தூரமில்லையடா, இந்த வண்டியில் ஏறினால் அதன் அண்டை வரையில் போய்விடலாம்" என்று பிள்ளைகளுக்கு வேடிக்கையாகச் சொல்வது என் வழக்கம். ம.பொ.சி. முதலானோர் நடத்திய கிளர்ச்சியையும், 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி நம்மோடு சேர்ந்ததையும் சேர்த்துச் சொல்வேன். தென் எல்லையைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. அங்கே சமுத்திரமே எல்லையாக இருக்கும்போது சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணியிருந்தேன்.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்றான். "ஐயா, எங்க தாத்தா பிறந்தப்போ கன்னியாகுமரி நம்ம ராஜ்யத்திலேயே இல்லையாமே! துப்பாக்கிச் சூடு நடந்த பிறகுதான் சேர்ந்ததாம்" என்றான். அவன் தகப்பனார் ஆவடியில் உத்தியோகம் பார்ப்பவர். சொந்த ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கம். 1956ஆம் ஆண்டைப் புத்தகத்தில் ஒரு வரியாக நான் படித்ததுண்டு. துப்பாக்கிச் சூட்டைப் பற்றி உருப்படியாக ஒன்றும் தெரியாது. இருபது வருஷமாகத் தமிழ் போதிக்கும் உபாத்தியாயருக்கு இது பெருமையான விஷயமல்ல. "விடுமுறையில் உங்கள் தாத்தாவைப் பார்த்துக் கேட்டு வருகிறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பையன் மறக்கவில்லை. கோடை விடுமுறைக்கு முதல் நாள் ஒரு சீட்டில் விலாசம் எழுதிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான்.

எழும்பூரில் மாலையில் ரயிலேறி, என் மனைவி, மகன் சகிதம் எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்தோம். திருநெல்வேலியைக் கடக்கும்போது பொழுது புலரவில்லை. பனை மரங்களும் செம்மண்ணும் உடைமுள்ளும் மங்கலாகத் தெரிந்துகொண்டே வந்தன. ஆரல்வாய்மொழியை நெருங்கியதும் இரு புறமும் மலைகள் நெருங்கி வந்து ஒரு வாசலைத் திறந்து விடுகின்றன. அந்த வாசல் வழியாகக் காற்று வருகிற வேகத்தைச் சொல்லி முடியாது. நூற்றுக்கணக்கான காற்றாலைகள் அதை நம்பித்தான் அங்கே நிற்கின்றன. கணவாயைத் தாண்டினால் பூமியின் நிறமே மாறிவிடுகிறது. வறண்ட செம்மண் போய், குளமும் வயலும் தென்னையும் வாழையுமாக நாஞ்சில் நாடு விரிகிறது. நாஞ்சில் என்றால் கலப்பை; பெயர் வைத்தவன் கண்ணால் பார்த்துத்தான் வைத்திருக்கிறான்.

குமரி முனையைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை. நேயர்களில் பாதிப் பேர் அங்கே நின்று சூரியோதயம் பார்த்திருப்பீர்கள். 1892 டிசம்பரில் விவேகானந்த சுவாமிகள் நீந்திச் சென்று தியானம் செய்த பாறையில் 1970இல் மண்டபம் எழுந்தது. பக்கத்துப் பாறையில் 133 அடி உயரத்தில் வள்ளுவர் 2000 ஜனவரி 1 முதல் நிற்கிறார். இரண்டு பாறைகளையும் இணைத்து 2024 டிசம்பரில் ஒரு கண்ணாடிப் பாலமும் போட்டுவிட்டார்கள். காலுக்கடியில் கடல் கொந்தளிப்பதைப் பார்த்து என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மகன் மூன்று முறை போய் வந்தான். கரையில், காந்தியடிகளின் அஸ்தி வைக்கப்பட்டிருந்த இடத்தில் மண்டபம் இருக்கிறது. அக்டோபர் 2ஆம் தேதி நடுப்பகலில் சூரிய கிரணம் அந்த இடத்தில் விழும்படி அமைத்திருக்கிறார்கள்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது காலடி மணல்தான். ஓரிடத்தில் வெள்ளை, ஓரிடத்தில் கருமை, ஓரிடத்தில் செக்கச் சிவப்பு. சுசீந்திரத்து ஈசன் குமரியம்மனை மணக்கப் புறப்பட்டாராம். நாரதர் சேவலாகக் கூவி முகூர்த்தம் தவறியதாக எண்ணச் செய்ய, ஈசன் திரும்பிப் போய்விட்டாராம். சமைக்காமல் எஞ்சிய கல்யாண அரிசியும் பருப்பும்தான் மணலாயிற்றாம். அம்மன் இன்னும் கன்னியாகவே காத்து நிற்கிறாள். ரசாயனம் படித்தவர்கள் அந்தக் கறுப்பை இல்மனைட் என்றும் சிவப்பைக் கார்னெட் என்றும் சொல்வார்கள். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இந்தப் பக்கத்திலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தாராம். மணவாளக்குறிச்சியில் அதைப் பிரித்தெடுக்கும் சர்க்கார் ஆலை இருக்கிறது. ஒரு கயிறு பிரியைக்கூட விட்டுவைக்காத கண் அந்நியனுக்கு இருந்திருக்கிறது. நமக்கோ அது தின்னாத பருப்பு!

முனையிலிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் முட்டம். ஜனங்கள் இதைச் சினிமாவில் பார்த்திருப்பார்கள். 1981இல் வெளிவந்த 'அலைகள் ஓய்வதில்லை' இங்கே எடுத்த படம். செம்மண் மேடு கடலுக்குள் நீண்டு, அடியில் யானைக்கூட்டம் படுத்ததுபோல் கரும்பாறைகள். மேட்டின் மேல் ஆங்கிலேயர் காலத்துக் கலங்கரை விளக்கம். அலை பாறையில் மோதி எழும்பும் சத்தத்தில் பக்கத்திலிருப்பவரின் பேச்சுக் காதில் விழாது. அந்த இரைச்சலுக்கு நடுவே வலை முடைந்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மெட்ராஸா?" என்றார். பிறகு என் மகனைப் பார்த்து, "மக்கா, பாறைமேல வழுக்கும், செருப்பக் கழத்து" என்று அதட்டினார். அதன்பின் எங்கள் சிநேகம் வளர்ந்தது.

அவர் காற்றைப் பெயர் சொல்லி அழைக்கிறார். மேற்கிலிருந்து வருவது கச்சான், கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை. கொண்டலையும் வாடையையும் நான் சங்க நூல் உரைகளில் படித்து, பரீட்சைக்கு எழுதி, மார்க்கு வாங்கியவன். அவர் அவற்றை வைத்துப் பிழைத்தவர். கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத்திட்டைப் 'பார்' என்கிறார். கரையிலுள்ள மலையுச்சியையும் மாதா கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் கண்டு, வேறொரு புறத்தில் இன்னும் இரண்டு அடையாளங்களையும் அப்படியே ஒத்துப் பார்த்து, நடுக்கடலில் அந்தப் பாரின்மேல் வள்ளத்தை நிறுத்திவிடுவாராம். "இப்போ எல்லாம் செல்போன்ல ஊசி காட்டும். எம் மவனுக்குக் கரை பாக்கத் தெரியாது" என்றார். இந்தக் கரை 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலைக்கும், 2017 நவம்பர் முடிவில் ஒக்கிப் புயலுக்கும் தன் மக்களைப் பலிகொடுத்தது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோது அயர்லாந்து நினைவுக்கு வந்தது. நமது தேசிய இயக்கத்தார் ஒரு காலத்தில் அயர்லாந்தைச் சகோதர தேசமாகவே பாவித்தார்கள். அத்தேசத்தின் மேற்குக் கரையில் டிங்கிள் என்று ஒரு தீபகற்பம் இருக்கிறது. இதேபோல் பாறையும் காற்றும் மழையும். ஆங்கிலம் நாடு முழுவதையும் விழுங்கிய பிறகும், ஐரிஷ் பாஷை பிழைத்திருந்த சில மூலைகளில் அது ஒன்று. அதற்கு எதிரேயுள்ள பிளாஸ்கெட் தீவின் மீனவர்கள் தங்கள் பாஷையில் எழுதிய சுயசரிதங்கள் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் எஞ்சியிருந்த சில குடும்பங்களையும் 1953இல் சர்க்கார் தீவிலிருந்து கரைக்குக் கொண்டுவந்துவிட்டது. அங்கே பாஷை மீந்தது, பேசிய தீவு காலியாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு நமது தென்கோடியில் என்ன நடந்தது என்பதற்கு இனி வருகிறேன்.

மார்த்தாண்டத்தில் பையனின் தாத்தா வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. ரப்பர் தோட்டத்துக்கும் மரச்சீனித் தோட்டத்துக்கும் நடுவே ஓட்டு வீடு. (மரச்சீனி என்பது நமது மரவள்ளிக் கிழங்குதான், பலாப்பழத்துக்கும் அங்கே சக்கை என்று பெயர். முதல் நாள் ஓட்டலில் "சக்கை இருக்கு" என்றபோது நாங்கள் கோபித்துக்கொண்டோம்!) எண்பது வயதானவர். பேரனின் ஐயா வந்திருக்கிறார் என்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"பள்ளிக்கூடத்தில முதல்ல எழுதினது மலையாளம்தான், சார். தமிழ் எழுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில்ல, வேதபுத்தகத்த வச்சுப் படிச்சேன்" என்று ஆரம்பித்தார். திருவிதாங்கூர் சமஸ்தானமும் கொச்சியும் 1949இல் ஒன்றாயின. கோர்ட்டிலும் கச்சேரியிலும் மலையாளம் மேலோங்கியது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை முதலிய தாலூக்காக்களின் தமிழர்கள், தங்கள் பிரதேசத்தைத் தமிழ் ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டுமென்று கேட்டார்கள். இதற்காக நாகர்கோவிலில் தோன்றியதுதான் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். அதன் தலைவர் நேசமணி வக்கீல். ஜனங்கள் அவரை மார்ஷல் என்று அழைத்தார்கள். 1954 ஆகஸ்டு 11ஆம் தேதியை விடுதலை தினமாகக் கொண்டாடுவது என்று முடிவாயிற்று. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஊர்வலம் போனவர்கள்மீது போலீஸார் சுட்டார்கள். பலர் மாண்டார்கள்.

பெரியவருக்கு அப்போது ஒன்பது வயது. "சத்தம் கேட்டதும் வெடிக்கட்டுன்னு நெனச்சு வாசலுக்கு ஓடினேன். அம்மா எட்டிப் பிடிச்சு உள்ள இழுத்துக் கதவ அடைச்சா. அன்னைக்கு ராத்திரி வரைக்கும் அடுப்பு பத்தவைக்கல" என்றார். சற்று நிறுத்தி, "அப்பா மறுநாளுதான் வந்தாரு. சட்டையில இரத்தம். அவருக்குள்ளது இல்ல, பக்கத்தில நின்னவனுக்குள்ளது" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்க் காப்பி கொண்டுவரச் சொல்லிவிட்டு, சென்னையில் வெயில் எப்படி என்று விசாரித்தார்.

ஒன்று கவனிக்க வேண்டும். அப்போது ஆட்சியிலிருந்தது பிரஜா சோஷலிஸ்டுக் கட்சி. முதல் மந்திரி பட்டம் தாணுப் பிள்ளை. அக்கட்சியின் பொதுக் காரியதரிசியாக இருந்த ராம் மனோகர் லோஹியா, ஜனங்களைச் சுட்ட மந்திரி சபை ராஜிநாமாச் செய்ய வேண்டும் என்று தம் கட்சிக்கே சொன்னார். மந்திரி சபை விலகவில்லை, கட்சிதான் பிளந்தது. ஹிந்திக்காகப் பரிந்து பேசிய லோஹியாவை நம்மவர் பலருக்குப் பிடிக்காது. தமிழ் பேசியதற்காகச் செத்தவர்களுக்காகத் தம் கட்சியையே எதிர்த்து நின்ற லோஹியாவை நமது பாடப் புத்தகத்தில் நான் பார்த்ததில்லை.

பஸல் அலி தலைமையில் அமைந்த ராஜ்யச் சீரமைப்புக் கமிஷன் 1955இல் தீர்ப்புச் சொல்லிற்று. 1956 நவம்பர் 1ஆம் தேதி நான்கு தாலூக்காக்கள் கன்னியாகுமரி ஜில்லாவாகச் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன. செங்கோட்டையில் ஒரு பகுதி திருநெல்வேலியோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு கிடைக்கவில்லை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்த மண்ணில், தேரூரில், பிறந்தவர். அவரும் ஒரு உபாத்தியாயர். சேர்ந்த நாளைப் பார்க்க அவர் இல்லை. 1954 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார். தினந்தோறும் காலையில் நம் பள்ளிக்கூடங்களில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தும், திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மனோன்மணீய'த்திலிருந்து எடுத்ததே. இவ்வளவையும் அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும்.

இதைக் கேட்டு மலையாளிகள்மீது நேயர்களுக்குக் கோபம் வரலாம். எனக்கும் வந்தது, மறுநாள் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்ததும் அது குறைந்துவிட்டது. அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில். பராமரிப்பது கேரள சர்க்கார். 1795 வரையில் திருவிதாங்கூரின் தலைநகரம் அதுவே. வளைந்த கூரை, பலாமரத் தூண், கண்ணாடிபோல் மின்னும் கறுப்புத் தரை, மைக்கா பதித்த ஜன்னல் வழியே வரும் மங்கல் வெளிச்சம். அங்கிருக்கும் சரஸ்வதி, கம்பர் பூஜித்த விக்கிரகம் என்பது ஐதிகம். ஒவ்வொரு நவராத்திரிக்கும் அந்த அம்மன், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன்வர, ராஜாவின் உடைவாள் முன்னே செல்ல, திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளிவிட்டுத் திரும்பி வருகிறாள். இரு ராஜ்யத்துப் போலீஸாரும் மரியாதை செய்கிறார்கள். எல்லைக் கோடு போட்டு அறுபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் கம்பரின் சரஸ்வதி அதைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருக்கிறாள்.

பக்கத்தில் உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சலில் தோற்றுப் பிறகு மார்த்தாண்டவர்மரின் படைத்தலைவரான டச்சுத் தளபதி டிலனாய் அங்கே அடக்கமாகியிருக்கிறார். கல்லறை எழுத்து இரண்டு பாஷைகளில் இருக்கிறது. ஒன்று லத்தீன், மற்றொன்று தமிழ். வெய்யிலில் குனிந்து, தேய்ந்த எழுத்துக்களை என் மகன் விரலால் தடவித் தடவிக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று இழுத்து வரவேண்டியதாயிற்று.

புறப்படும்போது பெரியவர் பேரனுக்கென்று மட்டி வாழைப்பழம் இரண்டு சீப்புக் கொடுத்திருந்தார். சுண்டுவிரலைவிடச் சற்றுப் பெரியது. தேனும் வாசனையும் கலந்த ருசி. விருதுநகர் வருவதற்குள் ஒரு சீப்பு எப்படியோ தீர்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறந்ததும் மற்றதைப் பையனிடம் கொடுத்து, தாத்தா சொன்ன கதையையும் வகுப்பில் எல்லோருக்கும் சொன்னேன். மணி அடித்த பிறகு அவன் மேஜைக்கு அருகில் வந்து நின்றான்.

"ஐயா, எங்க தாத்தா ஒத்தைச் சீப்பாக் கொடுக்க மாட்டாரே!" என்றான்.