செந்தேள் ஊரில் கோழிக்கும் காவல் வேலை!

மும்பை - கோவா நெடுஞ்சாலையில், சாவித்ரி ஆற்றங்கரையில் இருக்கிறது மகாத். ராய்கட் கோட்டைக்குப் போகிறவர்கள் கடந்துபோகும் கொங்கண் ஊர். மழைக்காலத்தில் கண்ணுக்குக் குளிர்ச்சியான இந்தப் பகுதியில், செம்புறாங்கல் இடுக்குகளில் பதுங்கியிருக்கிறது செந்தேள். இதன் அறிவியல் பெயர், 'ஹோட்டென்டோட்டா தமுலஸ்'. பெயரில் மட்டுமல்ல, நம் தமிழ்நாட்டு மண்ணிலும் இது உண்டு!

நீளம் இரண்டு, மூன்று அங்குலம்தான். கொட்டினால் வலியோடு போகாது. உடல் வியர்க்கும், கை கால் சில்லிடும், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

1970-களில் இங்கே அரசு டாக்டராக வந்தவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். ரத்த அழுத்தத்துக்குத் தரும் 'பிரசோசின்' மாத்திரையை அவர் கொடுக்கத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. விஷம் கடுமையாக ஏறியவர்களில் 100-க்கு 25, 30 பேர் இறந்த காலம் போய், அது ஒன்றாகக் குறைந்தது. 2022-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மருந்து வந்துவிட்டது, தேள் போய்விடவில்லை. அதனால் கொல்லையில் காவலும் வேண்டும். வைக்கோலைக் கிளறி, சிக்கும் தேளைக் கொத்தித் தின்னும் கோழிக்குப் பகல் டியூட்டி. தேள் வெளியே வரும் இரவில், ஆந்தைக்கு நைட் டியூட்டி!

இவற்றுக்கும் தப்பும் தேள் உண்டு. செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். கொட்டிவிட்டால் மந்திரம், பச்சிலை என்று நேரத்தைக் கடத்தாமல், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.