நின்றுபோன விமானமும் அக்காவின் கொப்பியும்

வீட்டில் கணனி பழுதாகிவிட்டால் முதலில் பிள்ளைக்குத்தான் ஏச்சு விழும். "கண்டதையும் போட்டு விளையாடினால் உப்பிடித்தான்" என்று வீட்டுக்கு வருபவர்களும் தம் பங்குக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். பிறகு பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டித் திருத்தும் கடைக்குக் கொண்டுபோவோம். கடைக்காரர் கேட்கும் தொகையைக் கொடுப்போம், அல்லது பெட்டியைத் துணியால் மூடி மூலையில் வைத்துவிடுவோம். ஏன் பழுதானது என்று கேட்பவர்கள் குறைவு. "உது எங்களுக்கு விளங்காது" என்று பெண்களாகிய நாம் முன்கூட்டியே ஒதுங்கிக்கொள்கிறோம்.

2024 ஆம் ஆண்டில் கிளிநொச்சியில் என் அக்கா வீட்டில் நடந்த ஒரு விடயத்தை இங்கு எழுத விரும்புகின்றேன். அக்காவின் கணவர் 2009 இல் இறுதி யுத்தத்தில் இறந்தார். அப்போது மகன் கைக்குழந்தை. தையல் இயந்திரம் ஒன்றை நம்பியே அக்கா அவனை வளர்த்தாள். அவன் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது பாவித்த கணனி ஒன்றைத் தவணை முறையில் வாங்கிக் கொடுத்தாள்.

பையன் அதில் பாடங்களோடு சேர்த்து 'பிளைட் சிமுலேற்றர்' ஒன்றையும் போட்டுக்கொண்டான். அதாவது, திரையில் விமானி இருக்கையில் இருந்து விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருள். இது வெறும் விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. 1929 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தகப்பனின் ஓகன் இசைக்கருவித் தொழிற்சாலையில் இருந்த காற்றுத் துருத்திகளைக் கொண்டு தரையில் நின்றபடியே விமானம் ஓட்டிப் பழகும் இயந்திரத்தைச் செய்தார். இன்றும் விமானிகள் இவ்வாறான பயிற்சிக்குப் பின்னரே பயணிகளை ஏற்றுகின்றனர். என் பெறாமகன் வைத்திருந்தது 'பிளைட்கியர்' எனும் மென்பொருள். காசு கொடுக்காமல் இன்டர்நெற்றில் எவரும் எடுத்துக்கொள்ளலாம். அவன் 'செஸ்னா 172' என்ற சிறிய விமானத்தைப் பலாலியில் இருந்து கிளப்பி இரத்மலானைக்குக் கொண்டுபோகப் பழகிக்கொண்டிருந்தான். பலாலி என்றால் எங்கள் தலைமுறைக்கு விமானப்படைத் தளம்தான் நினைவுக்கு வரும். 2019 ஒக்டோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அவனுக்குப் பலாலி என்றால் அதுதான்.

முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டபோது குசினியில் நின்ற அக்காவின் கையில் இருந்த சட்டி விழுந்துவிட்டது. கிபிர், பொம்மர், இரவும் பகலும் தலைக்கு மேல் இரைந்த 'வண்டு' என்று எல்லாவற்றையும் கேட்டுப் பதுங்குகுழிக்குள் கிடந்தவள் அவள். பையன் அன்றிலிருந்து இயர்போன் போட்டுக்கொண்டான். இருவரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

பிரச்சினை அதன்பின்தான் தொடங்கியது. விமானம் கிளம்பிப் பதினைந்து, இருபது நிமிடத்தில் கணனி சட்டென்று நின்றுவிடும். திரும்பப் போட்டால் வேலை செய்யும், மீண்டும் நிற்கும். கடையில் காட்டினார்கள். விண்டோசைப் புதிதாகப் போட வேண்டும் என்று 3,500 ரூபா எடுத்தார்கள். ஒரு கிழமையில் பழைய கதைதான். இரண்டாவது முறை வீடியோ அட்டையை மாற்ற வேண்டும், 38,000 ரூபா முடியும் என்றார்கள். அக்கா சீட்டுக் காசை எடுக்க ஆயத்தமானாள். "தகப்பன் இல்லாத பிள்ளை, கேமிலை கெட்டுப்போகுது" என்று உறவினர் ஒருவர் அவன் காதுபடவே சொன்னார். நான் போனபோது பையன் அந்த மென்பொருளையே அழித்துவிடப் போவதாகச் சொன்னான். "என்னாலைதான் சித்தி பழுதாப்போச்சு" என்றான்.

சமூகப் பணியில் நாம் முதலில் படிப்பது, நடந்தது எது, நடந்ததைப் பற்றி மற்றவர்கள் சொல்வது எது என்று பிரித்துப் பார்ப்பதை. அதையே இங்கும் செய்யலாம் என்று நினைத்தேன். எங்கள் அலுவலகத்தில் கணனி வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி தொலைபேசியில் வழிகாட்டினாள். அவள் கேட்ட முதற் கேள்வி, "எப்படி நிக்குது அக்கா?" என்பதே. கணனி நிற்பதில் மூன்று விதம் உண்டாம். மென்பொருள் மட்டும் மூடிக்கொண்டு மற்றவை வேலை செய்தால் அந்த மென்பொருளிலோ வீடியோ அட்டையை இயக்கும் டிரைவரிலோ பிழை இருக்கலாம். நீலத்திரை வந்து ஏதாவது குறியீடு காட்டினால் டிரைவர் அல்லது நினைவகம். எந்தச் செய்தியும் இல்லாமல் கரண்ட் போனது போல நின்றால் பெரும்பாலும் சூடு அல்லது மின்சாரம். கணனியில் 'ஈவென்ற் வியூவர்' எனும் பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். ஒவ்வொரு முறையும் 41 என்ற இலக்கம் பதிவாகியிருந்தது. ஒழுங்காக மூடப்படாமல் கணனி நின்றுபோனது என்பதே அதன் பொருள். ஏன் என்பதை அது சொல்லாது.

அப்போதுதான் அக்கா குசினியில் இருந்து சொன்னாள். "அது நிக்க முன்னம் பெட்டி இரையுது. முதல் மெல்லமா, பிறகு கூடிக்கூடி வந்து சட்டெண்டு அடங்கும். நான் ஒவ்வொரு நாளும் கேக்கிறனான்." இயர்போன் போட்டிருந்த பையனுக்கு அது கேட்டிருக்கவில்லை. கடைக்காரருக்கும் கேட்டிருக்காது, ஏனெனில் கடையில் எவரும் இருபது நிமிடம் விமானம் ஓட்டிப் பார்க்கவில்லை. இரைச்சலைக் கணக்கிட்டு எப்போது குழிக்குள் இறங்குவது, எப்போது வெளியே வருவது என்று முடிவெடுத்துப் பிள்ளையைக் காப்பாற்றியவள் அவள். அந்தக் காது இன்னும் ஓயவில்லை.

அவளையே ஒரு கொப்பியில் எழுதச் சொன்னோம். திகதி, தொடங்கிய நேரம், இரையத் தொடங்கிய நேரம், நின்ற நேரம், வீட்டில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று ஐந்து நிரல். பையன் சூட்டைக் காட்டும் சிறிய இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டான். சும்மா இருக்கும்போது 45 பாகை செல்சியஸ். விமானம் கிளம்பிப் பதினைந்து நிமிடத்தில் 98. பெரும்பாலான கணனிகளின் மூளைச் சில்லு 100 பாகையை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால், எரிந்துபோகாமல் இருக்கக் கணனி தானாகவே நின்றுவிடும். எனவே அந்தக் கணனி தன்னைக் காத்துக்கொண்டிருந்தது. கடிதம் அடிக்கும்போது நிற்காமல் விமானம் ஓட்டும்போது மட்டும் நின்றதன் காரணமும் இதுவே. மலை, முகில், காற்று என்று எல்லாவற்றையும் கணத்துக்குக் கணம் கணக்கிட வேண்டியிருப்பதால் அப்போதுதான் சில்லுக்கு அதிக வேலை.

பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய்த் திறந்தோம். மின்விசிறியின் கீழே செம்புழுதியும் தையல் நூல் தும்பும் கம்பளி போல அடைத்துக் கிடந்தன. பிளக்கைக் கழற்றி, சுவிட்சைச் சில வினாடி அழுத்தி மீதி மின்சாரத்தை இறக்கிய பின், விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பெயின்ற் அடிக்கும் புதுத் தூரிகையால் தட்டித் துடைத்தோம். சில்லுக்கும் அதன் மேலுள்ள உலோகக் கட்டைக்கும் இடையில் சூட்டைக் கடத்தும் பசை காய்ந்து பொருக்காகியிருந்தது. அதைத் துடைத்து, கடையில் சில நூறு ரூபாவுக்கு வாங்கிய புதுப் பசையில் பயறளவு வைத்தோம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மின்சாரம் வரும் 'பவர் சப்ளை' பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பின்னும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

அதன்பின் சூடு 72 பாகையைத் தாண்டவில்லை. ஆனால் மூன்றாம் நாள் மாலை மீண்டும் நின்றது. பையன் சோர்ந்துவிட்டான். அக்கா கொப்பியைப் பார்த்தாள். "இண்டைக்குப் பெட்டி இரையேல்லை. தண்ணி மோட்டர் போட்டவுடனை நிண்டது" என்றாள். முந்திய பக்கங்களிலும் மாலை ஆறு மணியளவில் அப்படி இரண்டு முறை எழுதியிருந்தாள். மோட்டர் கிளம்பும்போது மின்னழுத்தம் ஒரு கணம் இறங்கும். கணனியும் மோட்டரும் ஒரே மல்ரி பிளக்கில் இருந்தன. கணனியை வேறு பிளக்குக்கு மாற்றி, அது ஓடும்போது மோட்டரைப் போடாமல் விட்டோம். ஒரே பழுது என்று எல்லோரும் நினைத்தது உண்மையில் இரண்டு பழுதுகள். எழுதி வைத்திராவிட்டால் அவற்றைப் பிரித்திருக்க முடியாது. 38,000 ரூபா சீட்டிலேயே இருந்தது.

விமானங்களில் 'கறுப்புப் பெட்டி' இருப்பதை அறிவீர்கள். உண்மையில் அதன் நிறம் செம்மஞ்சள். 1950களில் அவுஸ்திரேலியாவில் அதை உருவாக்கிய டேவிட் வொரன், சிறுவனாக இருந்தபோது 1934 இல் விமான விபத்தொன்றில் தகப்பனை இழந்தவர். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளும், விபத்தை விசாரிப்பது இனி விபத்து நேராமல் தடுப்பதற்காகவே, எவர் மீதும் குற்றம் சுமத்துவதற்காக அன்று என்கின்றன. இதைப் பையனுக்குச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் கொப்பியை எடுத்துத் தாயின் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்காவுக்கு விமானச் சத்தம் பிடித்துவிட்டது என்று எழுதினால் அது பொய். இன்றும் அவன் இயர்போன் போட்டுத்தான் ஓட்டுகிறான். திரையை அவள் பார்ப்பதில்லை. ஆனால் அந்தக் கொப்பியை அவள் விடவில்லை. தையல் இயந்திரம் எப்போது நூல் அறுக்கிறது, மின்சாரக் கட்டணம் எந்த மாதம் ஏறியது என்று இப்போது அதில் எழுதுகிறாள்.

யுத்தத்தால் நாம் இழந்தவற்றைக் கணக்கிட்டே பழகிவிட்டோம். உயிர் தப்புவதற்காக நாம் கற்றுக்கொண்ட கவனமும் ஓர் அறிவுதான் என்பதை எவரும் எமக்குச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் ஏதாவது அடிக்கடி பழுதானால், பிள்ளையை ஏசுமுன் ஒரு கொப்பியை எடுங்கள். எப்போது, எப்படி, அப்போது வேறு என்ன நடந்தது என்று ஒரு கிழமை எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். கடைக்குத்தான் போக வேண்டும் என்றாலும் அந்தக் கொப்பியோடு போய், "என்ன காரணம்?" என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.