54 வயதில் ஓர் ஆட்டம்

1904 செப்டம்பர் 22. நியூயார்க் ஜயண்ட்ஸ் பேஸ்பால் அணிக்குக் கேட்சராக வந்து குந்தியவருக்கு வயது 54. பெயர் ஜிம் ஓரூர்க். 1876இல் நேஷனல் லீகின் முதல் ஹிட்டை அடித்தவரே இவர்தான்! 28 ஆண்டுகள் கழித்தும் முழு ஆட்டம் ஆடினார், ஒரு ஹிட்டும் அடித்தார். அன்றே ஜயண்ட்ஸுக்கு லீக் பட்டம் உறுதியானது.

அக்காலத்து இன்னொரு வீரர் கேப் ஆன்சனும் லேசுப்பட்டவரல்ல. 1871 முதல் 1897 வரை 27 பருவங்கள் ஆடினார்.

ஆனால் பந்து வீசியவர்களின் கதை வேறு. அன்று அணிக்கு ஓரிரு பிட்சர்கள்தான். தோள் கழன்றாலும் அவர்களே வீச வேண்டும். பிராவிடன்ஸ் அணியின் சார்லஸ் ராட்போர்ன் 1884இல் மட்டும் 678 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். இன்றைய பிட்சருக்கு 200 தாண்டினாலே பெரிய விஷயம். காலையில் தலைவார ராட்போர்னுக்குக் கை எழாது என்பார்கள். 1891இல் ஆட்டம் முடிந்தது. 1897இல், 42 வயதில், ஆளும் போய்விட்டார்.

புத்திசாலி ஆல் ஸ்பால்டிங்தான். 1875இல் 54 வெற்றிகள் குவித்த பிட்சர், மறு ஆண்டே சிகாகோவில் விளையாட்டுச் சாமான் கடை போட்டார். 1878இல், 28 வயதில், ஆட்டத்துக்கே முழுக்கு. நம்மூர் கூடைப்பந்து மைதானங்களில் உருளும் ஸ்பால்டிங் பந்துகளில் இருப்பது அவர் பெயர்தான்.