சலங்கையும் கம்பியும்

எண்பத்தாறு வயது. நம் நாட்டிலாயின் அந்த வயதுக்குக் கயிற்றுக் கட்டிலும் கைத்தடியுந்தான் துணை. "சும்மா இருங்கள் தாத்தா" என்று பேரப்பிள்ளைகள் அடக்கிவிடுவார்கள். அந்தக் கிழவரோ அடங்கவில்லை. கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, அரங்கை அடக்கினார்! பட்டி கய் என்பது அவர் பெயர். புளூஸ் இசையின் முதுபெரும் கலைஞர்.

2023 பிப்ரவரியில், மும்பை பாந்த்ராவிலுள்ள மெகபூப் படப்பிடிப்பு நிலையத்தில் நடந்த புளூஸ் விழாவில் அவரை நாம் மீண்டும் கண்டோம். முன்பு கண்டது, அவ்விழா தொடங்கிய 2011-இல். இடையில் ஓடியவை பன்னிரண்டு ஆண்டுகள். நமக்கு முடி நரைத்தது. அவருக்கு நடை சற்றே தளர்ந்திருந்தது. விரல் தளரவில்லை.

மல்லாட்டைக் காட்டுக்கும் முந்திரித் தோப்புக்கும் நடுவே, இரும்பையில் வாழும் நமக்கு அமெரிக்கக் கறுப்பரின் பாட்டோடு என்ன உறவு? கேட்டார்கள் பலர். ஆரோவில்லில் வந்து தங்கிய வெளிநாட்டு நண்பரொருவர் தந்த ஒலிநாடாவில்தான் அக்குரலை முதலில் கேட்டோம். சொல் விளங்கவில்லை. ஆனால் ஒரு சுரத்தில் நில்லாமல், அடுத்த சுரத்தையும் எட்டாமல், இடையிலே வளைந்து விம்முகிறதே அந்தக் கம்பி, அது விளங்கிற்று. ஒப்பாரி கேட்டு வளர்ந்த செவிக்கு அது அந்நிய ஓசை அன்று.

அந்த விம்மலுக்குக் காரணம் உண்டு. 1865-இல் அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. நிலம் மட்டும் ஆண்டைகளிடமே இருந்தது. விளைந்ததில் ஒரு பங்கு நிலக்காரனுக்கு. மிச்சத்தில் விதைக்கடன், கடைக்கடன். வாரக் குத்தகையையும் பண்ணையாள் வாழ்வையும் அறிந்த தென்னார்க்காட்டுக்காரர்க்கு இதை விரித்துரைக்கவும் வேண்டுமோ? அத்தகைய குடும்பமொன்றில்தான், லூசியானா மாநிலத்து லெட்ஸ்வொர்த் என்னும் சிற்றூரில், 1936-இல் பிறந்தார் அவர். பருத்தி பறித்த பிள்ளை. கித்தார் வாங்கக் காசேது? வீட்டுச் சன்னலின் கொசுவலையிலிருந்து கம்பியை உருவிக் கட்டி மீட்டினான் சிறுவன். கொசு கடித்திருக்கும், தாய் திட்டியிருப்பாள், இசை பிறந்தது. 1957-இல் சிகாகோ சென்றார். புகழ்பெற்ற மடி வாட்டர்சுக்குப் பக்கத்தில் வாசித்தார். அப்போதும் வயிற்றுப்பாட்டுக்காகப் பழுதான வண்டிகளை இழுத்துச் செல்லும் வாகனம் ஓட்டியவர் அவர். 2012-இல் அந்நாட்டின் கென்னடி மைய விருது அவரைத் தேடி வந்தது.

இந்த உழைப்பை மறைப்பதற்கென்றே அங்கும் ஒரு புராணம்! 1938-இல் மாண்ட இராபர்ட் ஜான்சன் என்ற புளூஸ் கலைஞர், நாற்சந்தியிலே நள்ளிரவில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுத்தான் வித்தை பெற்றாராம். ஏழை ஒருவன் தன் பயிற்சியால் உயர்ந்தான் என ஒப்புக்கொள்ள மனம் வராதபோது, அங்கே சாத்தான் வருகிறான். இங்கே நாமகள் நாவிலே எழுதுகிறாள்.

இரும்பைக்கும் ஒரு கதை உண்டு. சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் எங்கள் ஊரில் இருக்கிறது. அங்கே ஆடிய நடனமாதின் காற்சலங்கை கழன்று விழுந்ததாம். கடுவெளிச் சித்தர் அதை எடுத்து அவள் காலிலே கட்டினாராம். கூடியிருந்தோர் நகைத்தனராம். சித்தர் சினந்து சபிக்க, இலிங்கம் வெடித்து, மண்ணில் புல்லும் முளையாமற் போயிற்றாம். சாபத்தைத் தள்ளுங்கள். மரம் வெட்டி, மாடு மேய்த்து, மழை மேல்மண்ணை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோனதால் பாழான செம்மண் அது. 1968-இல் ஆரோவில் தோன்றிய பின், வந்தவர்களும் சுற்றூர் உழைப்பாளிகளும் வரப்பு கட்டி மழைநீர் தேக்கி மரம் நட்டார்கள், பசுமை திரும்பிற்று. பரிகார பூசையால் அன்று, மண்வெட்டியால்!

ஆனால் அக்கதையில் சாபத்தைவிட நம்மை உறுத்துவது அந்த நகைப்பு. ஆடுகிறவள் காலைப் பெரியவர் ஒருவர் தொடலாமா? அதுதானே சிரிப்பின் பொருள்! ஆட்டம் வேண்டும், ஆடுகிறவளுக்கு மதிப்பு வேண்டாம். கானாடுகாத்தானில் திருமண ஊர்வலமொன்றில் நாகசுரம் வாசித்த சிவக்கொழுந்தைத் தோள்துண்டை எடுக்கச் சொன்னவர்கள் அச்சிரிப்பின் வாரிசுகள். எடுக்காதே என்று குறுக்கே நின்றார் பட்டுக்கோட்டை அழகிரி.

மும்பை அரங்கிலும் இதே எண்ணம் நம்மை விடவில்லை. கையிலே மதுக்கிண்ணம் ஏந்திய கனவான்கள், சீமாட்டிகள்; நுழைவுச்சீட்டின் விலையோ நம் பக்கத்துக் கூலியாளுக்குப் பல நாள் ஊதியம். பருத்திக்காட்டுப் பிள்ளை பாடி முடித்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாமும் தட்டினோம், கண்ணும் கலங்கினோம். இவர்கள் ஊர்த் தெருவிலே பறை அடிக்கிறவருக்கு எழுந்து நிற்பார்களா என்ற கேள்வி மட்டும் தொண்டையில் நின்றது. பக்கத்தில் நின்ற இளைஞரிடம் கேட்டும் விட்டோம். "பறை என்றால்?" என்றார் அவர். அவரை நோவானேன்! பறை இன்னதென்று நன்கறிந்த நம் ஊர்ப்பக்கத்திலேயே, விழாவில் பொழுதெல்லாம் அடித்த கலைஞருக்கு இலை, பந்தலுக்கு வெளியே தரையில் விழுந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

2025-இல் மதுரை மாவட்டத்துப் பறைக்கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மசிறீ விருது கிடைத்தது. சாவு மேளம் என்று ஒதுக்கிய பறை, தில்லி வரை கேட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் தில்லியிலிருந்து திண்டிவனத்துச் சிற்றூர்ப் பந்திக்கு வழி இன்னும் நீளமாகவே கிடக்கிறது.

வருகிற பொங்கலுக்கு எங்கள் பகுதி இளைஞர்கள் பறைக்கு மேடை போடுகிறார்கள். கலைஞர்களின் பெற்றோருக்கு முதல் வரிசையில் நாற்காலி. ஊதியத்தில் பாதி முன்கூட்டியே. எல்லாருக்கும் ஒரே பந்தி. ஒலிவாங்கி ஒன்று போதாது, மூன்று வேண்டுமென்று பறைக்குழுவினர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு கிடைத்துவிட்டன. மூன்றாவதைக் கேட்டுத் திண்டிவனத்துக்கு ஆள் போயிருக்கிறது.